கடலூரில் மாதம் ஐநூறு ரூபாய்க்கு வீட்டு நெட்: எதை எடுப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் போர்ஷன் அக்கா கையில் ஒரு நோட்டோடு வந்தார். தையல் கணக்கு எழுதுகிற நோட்டு. அதன் கடைசிப் பக்கத்தில் வீட்டின் ரீசார்ஜ் செலவை மாதவாரியாக எழுதி வைத்திருந்தார்.

"தம்பி, இதப் பாரேன். மாசம் ஆயிரத்துக்கு மேல நெட்டுக்கே போகுது. அப்பவும் பொண்ணு தீந்துபோச்சு தீந்துபோச்சுங்குறா. வீட்டுக்கு லைன் இழுத்துடலாமா? ஐநூறுக்கு மேல ஒத்த ரூபா கேட்டா முடியாது, இப்பவே சொல்லிட்டேன்."

அக்கா வீட்டில் நான்கு பேர். அண்ணன் சிப்காட்டில் ஷிப்டு வேலை. மகள் தேவனாம்பட்டினம் பெரியார் அரசுக் கலைக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மகன் ஒன்பதாவது. போன் மூன்று, பையனுக்குத் தனியாக இல்லை, அம்மாவின் போன்தான். திருப்பாதிரிப்புலியூரில் இருந்து முதுநகர் வரைக்கும், அப்படியே அந்தப் பக்கம் ரெட்டிச்சாவடி தாண்டி பாகூர், புதுச்சேரி வரைக்கும் இதே அளவில் வருமானமும் இதே கேள்வியும் உள்ள வீடுகள் ஏராளம். தொலைத்தொடர்புக் கணக்கில் புதுச்சேரியும் தமிழ்நாட்டு வட்டத்துக்குள்தான் வருகிறது. அதனால் இங்கே சொல்வது அங்கேயும் பொருந்தும். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அக்காவும் நானும் போட்ட கணக்கையும் விசாரித்ததையும் எழுதுகிறேன்.

இப்போது என்ன செலவாகிறது என்பதிலிருந்து

பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடாமலேயே லைன் எடுத்துவிடுகிறார்கள். முதலில் இதைப் போடுங்கள்.

2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் திட்டம் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. 28 நாள் என்றால் மாதம் ஒரு முறை என்று மனம் கணக்குப் போடும். வருடத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை போட வேண்டும். ஒரு போனுக்கு வருடம் 3,887 ரூபாய். அக்கா வீட்டில் மூன்று போனுக்கு 11,661.

இது போக, மகள் செமஸ்டர் சமயத்தில் 29 ரூபாய்க்கு இரண்டு ஜிபி என்று துண்டு துண்டாகப் போட்டிருந்தாள். நோட்டின்படி சராசரியாக மாதம் ஆறு முறை. அது மட்டும் வருடத்துக்கு 2,088. இரண்டையும் கூட்டினால் 13,749. அக்கா அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "பதிமூணாயிரமா? ஒரு தையல் மிஷின் காசுப்பா அது" என்றார்.

உங்கள் வீட்டுத் திட்டம் வேறாக இருந்தால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கான தொகையை நாளால் வகுத்து 365-ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கூடவே இடையில் போடும் சில்லறை ரீசார்ஜையும் சேர்க்க வேண்டும். அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை, யு.பி.ஐ. செயலியில் பழைய பரிவர்த்தனைகளைத் தேடினால் கிடைத்துவிடும்.

போன் டேட்டா மட்டும் போதுமா?

தனியாக இருப்பவருக்கும், கணவன் மனைவி இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கும் போதும் என்றுதான் சொல்வேன். தினம் ஒன்றரை ஜிபி என்றால் 28 நாளைக்கு 42 ஜிபி. நடுத்தரத் தெளிவில் வீடியோ பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு சுமாராக முக்கால் ஜிபி போகும். அதையே எச்.டி.யில் பார்த்தால் இரண்டு, மூன்று ஜிபி கூடப் போகலாம். யூடியூபில் தெளிவை 480-க்கு இறக்கி வைத்தாலே பல வீடுகளில் 'தீர்ந்துபோச்சு' என்ற பேச்சு நின்றுவிடும். லைன் எடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் ஒரு வாரம் இதைச் செய்து பார்க்க வேண்டும். காசு செலவில்லை.

தினசரி டேட்டாவில் உள்ள பெரிய குறை, மிச்சம் அடுத்த நாளுக்கு வராது என்பது. அண்ணன் இரவு ஷிப்டில் இருக்கும்போது அவர் போனில் ஒரு ஜிபிக்கு மேல் நள்ளிரவில் வீணாகப் போகிறது. அதே நேரம் மகளுக்கு ராத்திரி ஒன்பது மணிக்கே தீர்ந்து, வேகம் 64 கேபிக்கு இறங்கிவிடுகிறது. அந்த வேகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும், பாட வீடியோ ஓடாது. ஒரே வீட்டில் ஒருவருக்கு வீணாகவும் இன்னொருவருக்குப் பற்றாமலும் போகிற ஏற்பாடு இது.

மகள் கல்லூரியில் கணினிப் பாடம் எடுத்திருக்கிறாள். மடிக்கணினியை ஹாட்ஸ்பாட்டில் இணைத்த ஒரு நாள், அது பாட்டுக்கு அப்டேட்டை இறக்கி மொத்த டேட்டாவையும் காலி செய்துவிட்டது. விண்டோஸில் வைஃபை அமைப்புக்குள் போய் 'மீட்டர்டு' என்பதைப் போட்டுவிட்டால் இதைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஹாட்ஸ்பாட்டை நம்பியிருக்கும் மாணவர்கள் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும்.

5ஜி போன் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. தினம் இரண்டு ஜிபியோ அதற்கு மேலோ உள்ள திட்டம் போட்டால் 5ஜி அளவில்லாமல் கிடைக்கும். ஜியோவில் 28 நாளைக்கு 349. வீட்டுக்குள் 5ஜி நன்றாக எடுத்தால், ஒரே ஒரு போனில் இதைப் போட்டு ஹாட்ஸ்பாட்டில் சமாளிக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்தப் போன்காரர் வேலைக்குக் கிளம்பியதும் வீட்டின் நெட்டும் கூடவே கிளம்பிவிடும். ராத்திரி முழுக்க ஹாட்ஸ்பாட் ஓடினால் போன் சூடாகி பேட்டரியும் சீக்கிரம் போகும். அக்கா வீட்டில் யாரிடமும் 5ஜி போன் இல்லை. அதனால் இதைத் தள்ளிவைத்தோம்.

பி.எஸ்.என்.எல். சிம்மையும் பார்த்தோம். 2024-இல் மற்றவர்கள் ஏற்றியபோது அவர்கள் ஏற்றவில்லை. அப்போது நிறையப் பேர் அதற்கு மாறினார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜி சேவையையும் தொடங்கினார்கள். உங்கள் வீட்டுக்குள் அந்தச் சிக்னல் எடுத்தால் இதைவிட மலிவு வேறில்லை. எடுக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த சிம் வைத்திருக்கும் யாரையாவது ஒரு டீக்கு வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அக்கா வீட்டு நடு அறையில் ஒரு கோடுதான் காட்டியது.

ஃபைபர்

வீட்டுக்குக் கம்பி வழியாக வருவதில் நாங்கள் விசாரித்தபோது தெரியவந்த மலிவான திட்டங்கள் இவை: ஜியோவில் 399 ரூபாய்க்கு 30 எம்பி வேகம், பி.எஸ்.என்.எல்.லில் 449-க்கு 30 எம்பி, ஏர்டெல்லில் 499-க்கு 40 எம்பி. மூன்றிலும் மாதம் சுமார் 3,300 ஜிபி வரை முழு வேகம். நாளுக்கு 110 ஜிபி வருகிறது; நான்கு பேர் வீட்டில் அதைத் தொடவே மாட்டார்கள்.

ஆனால் விளம்பரத்தில் சொல்லும் தொகை நீங்கள் கட்டும் தொகை ஆகாது. போன் ரீசார்ஜில் வரி உள்ளேயே இருக்கிறது. ஃபைபரில் 18 சதவீத ஜி.எஸ்.டி. மேலே ஏறும். 399 என்பது 471 ஆகிறது, 449 என்பது 530, 499 என்பது 589. அக்காவின் ஐநூறு ரூபாய் வரம்புக்குள் உண்மையில் ஒன்றுதான் நிற்கிறது. அதுவும் நம் தெருவில் கிடைக்க வேண்டும்.

கிடைப்பதுதான் பெரிய விஷயம். ஒரே தெருவில் முன் பாதிக்கு ஒரு கம்பெனி லைன் இருக்கும், பின் பாதிக்கு இருக்காது. இணையத்தில் பின்கோடு போட்டால் 'கிடைக்கும்' என்றுதான் காட்டும். ஆள் வந்து பார்த்துவிட்டு 'பெட்டியில் போர்ட் (லைன் செருகும் இடம்) இல்லை, ஒரு மாதம் ஆகும்' என்பார். அதனால் தெருவில் எந்தக் கம்பத்தில் எந்தப் பெட்டி தொங்குகிறது, எந்தெந்த வீட்டுக்குள் லைன் போயிருக்கிறது என்று முதலில் நடந்து பாருங்கள். அந்த வீடுகளில் கேட்டுவிட்டு அப்புறம் கம்பெனிக்கு போன் செய்யுங்கள். எங்கள் தெருவில் 399 திட்டத்துக்கான லைன் வரவில்லை. பி.எஸ்.என்.எல். லைன் நான்கு வீட்டில் இருந்தது.

30 எம்பி போதுமா என்று மகள் கேட்டாள். அவள் வகுப்பில் எல்லோரும் 100 எம்பி பற்றிப் பேசுகிறார்களாம். முழு எச்.டி. வீடியோ ஒன்றுக்கு ஐந்து எம்பி இருந்தால் ஓடும். வீடியோ காலுக்கு மூன்று. நான்கு பேரும் ஒரே நேரத்தில் பார்த்தாலும் 20 எம்பிக்குள் அடங்கிவிடும். பெரிய கோப்பு இறக்கும்போது மட்டும் வித்தியாசம் தெரியும். இன்னொன்று, இதில் சொல்லும் எம்பி வேறு, கோப்பின் அளவைச் சொல்லும் எம்பி வேறு. வேகத்தில் வருவது மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 30 எம்பி லைனில் நொடிக்கு நாலுக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கும். 'முப்பது சொன்னார்கள், மூன்றரைதான் காட்டுகிறது' என்று சண்டைக்குப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி வருகிற கணக்குதான் எங்களுக்கு முடிவைக் கொடுத்தது. வீட்டில் ஃபைபர் வந்துவிட்டால் போன்களுக்கு டேட்டா ரீசார்ஜ் எதற்கு? பேசுவதற்கும் ஓ.டி.பி. வருவதற்கும் சிம் உயிரோடு இருந்தால் போதும். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு விதி கொண்டுவந்தது: டேட்டா வேண்டாதவர்களுக்காகப் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள திட்டத்தை எல்லா நிறுவனமும் தர வேண்டும் என்று. அதன்படி 2025 ஜனவரியில் ஜியோ 84 நாளைக்கு 448 ரூபாய்க்கும், ஏர்டெல் 84 நாளைக்கு 469, முழு வருடத்துக்கு 1,849 என்றும் திட்டங்களை வைத்தன. ரீசார்ஜ் கடையில் இதை யாரும் தானாக எடுத்துச் சொல்வதில்லை. செயலியிலும் கீழே போய்த் தேட வேண்டியிருக்கிறது. பட்டன் போன் வைத்திருக்கும் அப்பா அம்மாவுக்கு இன்னும் 299 போட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தக் காசு அவர்கள் மாத்திரைக்கு ஆகும். தயவுசெய்து இன்றைக்கே பாருங்கள்.

சரி, அக்கா வீட்டுக் கணக்கு. ஃபைபர் 449 திட்டம் வரியோடு 12 மாதத்துக்கு 6,358. அண்ணன் வெளியில் வேலைக்குப் போகிறவர், அவருக்கு டேட்டா வேண்டும். பழைய 299 திட்டமே இருக்கட்டும், 3,887. அக்காவுக்கும் மகளுக்கும் பேச்சு மட்டும். 448 திட்டத்தை வருடத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,947, இருவருக்கும் 3,894. மொத்தம் 14,139 ரூபாய்.

இப்போது செலவாவது 13,749. ஆக வருடத்துக்கு 390 ரூபாய், மாதத்துக்கு 33 ரூபாய்தான் கூடுகிறது. அதற்குப் பதிலாக நான்கு பேருக்கும் அளவில்லாமல் கிடைக்கிறது, பையனுக்கும் சேர்த்து.

இதே கணக்கை இரண்டு போன் உள்ள வீட்டுக்குப் போட்டால் ஃபைபர் கட்டுப்படியாகாது. இரண்டு 299 என்றால் 7,774. ஃபைபரோடு இரண்டு பேச்சுத் திட்டம் சேர்த்தால் 10,252. நான்கு போன் உள்ள வீட்டில் தலைகீழ்: நான்கு 299 என்றால் 15,548, ஃபைபரும் நான்கு பேச்சுத் திட்டமும் 14,146-க்குள் முடிந்துவிடும். போன் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் ஃபைபரை யோசிக்கலாம், இரண்டோடு நின்றால் வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டிலிருந்து வேலை செய்கிறவருக்கு மட்டும் இது பொருந்தாது. அவருக்கு லைன் என்பது தொழில் செலவு.

பேச்சுத் திட்டத்துக்கு மாறுவதில் ஒரு சங்கடம் உண்டு. வீட்டை விட்டு வெளியே வந்தால் யு.பி.ஐ. வேலை செய்யாது. அக்கா துணி வாங்க லாரன்ஸ் ரோட்டுக்குப் போனால் கையில் ரொக்கம் வேண்டும். டேட்டா இல்லாமலே *99# என்று டயல் செய்து பணம் அனுப்பும் வழி இருக்கிறது; ஆனால் எல்லா சிம்மிலும் அது வேலை செய்வதில்லை, முதலில் போட்டுப் பாருங்கள். வங்கிக் கணக்கோடு இணைத்த எண்ணிலிருந்து செய்ய வேண்டும், எல்லாம் எழுத்து மெனுவில் வரும். கொஞ்சம் பழக வேண்டும். மகளுக்குக் கல்லூரியில் என்றைக்காவது தேவைப்பட்டால் சின்ன டேட்டா பேக் போட்டுக்கொள்ளலாம். பேச்சுத் திட்டத்தின் மேல் அது ஏறுமா என்பதை ரீசார்ஜ் செய்யும் முன் அந்தந்தக் கம்பெனியில் கேட்டுக்கொள்வது நல்லது.

கேபிள்காரரிடம் எடுப்பது

எல்லா ஊரிலும் போல இங்கேயும் கேபிள் டிவி நடத்துகிறவர்களே நெட்டும் தருகிறார்கள். விலை குறைவாக இருக்கும், டிவியோடு சேர்த்துக் கொடுப்பார்கள், தவணையும் தருவார்கள். இதை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். நல்ல கேபிள்காரர் அமைந்துவிட்டால் அதைவிட நிம்மதி கிடையாது. ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிட்டாலும் டூ வீலரில் வந்துவிடுவார்.

ஆனால் எனக்கே இதில் ஒரு அடி விழுந்தது. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒருவரிடம் 100 எம்பி என்று சொல்லி ஒரு வருடப் பணத்தை முன்னாலேயே கட்டினேன். பகலில் சொன்ன வேகம் வந்தது. ராத்திரி எட்டிலிருந்து பத்தரை வரை நாலு எம்பிக்கு மேல் ஏறாது. அவர் மொத்தமாக வாங்கும் வேகத்தை எத்தனை வீட்டுக்குப் பிரிக்கிறார் என்பதைப் பொறுத்து இது வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காரும்போது திணறும். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. நவம்பர் மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தது. பதினேழு நாள் ஆகியது. போனை எடுக்கவில்லை. நேரில் போனால் 'ஸ்பிளைஸ் போடுற பையன் ஊர்ல இல்லண்ணே' என்றார்கள், அறுந்த கம்பியை ஒட்டுகிறவரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அந்த நாட்களுக்குப் பணமும் கழிக்கவில்லை, ரசீது இல்லாததால் எங்கே போய்க் கேட்பது என்றும் தெரியவில்லை. அப்போது என் வேலையில் ஒரு விண்ணப்பம் தவறிப்போனது. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

அதனால் அக்காவிடம் சொன்னது இதைத்தான்: கேபிள்காரரிடம் எடுத்தால் மாதாமாதம் கட்டுகிற மாதிரி மட்டும் எடுங்கள். வருடப் பணம் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்பார்கள். அந்த ஒரு மாதத்துக்காக பதினொரு மாதத்தை அடகு வைக்க வேண்டாம். ரசீதோ குறுஞ்செய்தியோ வர வேண்டும். அவரிடம் எடுத்திருக்கும் வீடு ஒன்றுக்கு ராத்திரி ஒன்பது மணிக்குப் போய், அங்கே வேகத்தைச் சோதித்துப் பாருங்கள்.

பி.எஸ்.என்.எல். ஃபைபரும் பல இடங்களில் இப்படிப்பட்ட உள்ளூர்ப் பங்குதாரர் மூலமாகத்தான் வருகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பில் அரசு நிறுவனத்தினுடையது, கம்பி இழுப்பதும் பழுது பார்ப்பதும் உள்ளூர் ஆள். எனவே 'அந்தக் கம்பெனி எப்படி' என்று கேட்பதைவிட 'இந்தத் தெருவுக்கு லைன் பார்க்கிறவர் யார், போன மழையில் எத்தனை நாளில் வந்தார்' என்று கேட்டால்தான் உண்மை தெரியும். நாங்கள் நான்கு வீட்டிலும் இதைத்தான் கேட்டோம். மூன்று வீட்டில் 'மறுநாள் வந்துட்டார்' என்றார்கள். நாலாவது வீட்டுப் பாட்டி, "அவன் நல்ல புள்ளப்பா, சாப்டுட்டுப் போடான்னா நிக்க மாட்டான்" என்றார். அக்காவுக்கு அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது.

மொட்டைமாடி ஏர்ஃபைபர்

2023-இலிருந்து வந்திருக்கும் ஏற்பாடு இது. மாடியில் ஒரு பெட்டியை மாட்டி 5ஜி டவரிலிருந்து சிக்னல் எடுத்து வீட்டுக்குள் வைஃபையாகத் தருகிறார்கள். ஜியோவில் 30 எம்பிக்கு 599, வரியோடு 707. டிவி சேனல்களும் சில செயலிகளும் சேர்ந்து வரும். டேட்டா மாதம் 1,000 ஜிபி.

கேபிள் டிவிக்கும் தனியாகக் கட்டுகிறவர்கள் அதைக் கழித்துப் பார்த்தால் சில வீட்டுக்கு ஒத்துவரும். கம்பி வராத சந்துக்கும், ஊர் ஓரத்தில் புதிதாக மனை போட்ட நகர்களுக்கும் இதுதான் வழி. வாடகை வீட்டுக்காரர்கள் மாடியில் மாட்ட வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அக்காவின் வரம்பை 200 ரூபாய் தாண்டியதால் நாங்கள் இதில் அதிகம் நிற்கவில்லை.

மழைக்காலம்

கடலூர்க்காரர்கள் இதைக் கணக்கில் சேர்க்காமல் எதையும் முடிவு செய்ய முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோர ஊர்களுக்குள் புகுந்தது.

பழைய செம்புக் கம்பி பிராட்பேண்டு மழை ஈரத்தில் கரகரவென்று சத்தம் போட்டுப் படுத்துவிடும். ஃபைபரில் ஓடுவது வெளிச்சம், அதனால் ஈரம் அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதைக் கெடுப்பது விழுகிற மரமும், சாய்கிற மின்கம்பமும், கம்பி மடங்குவதும். மடங்கினால் வெளிச்சம் கசிந்து சிக்னல் குறையும். ஜன்னல் கதவில் நசுங்குகிற மாதிரி லைனை உள்ளே கொண்டுவர விடாதீர்கள். மோடத்தில் எல்.ஓ.எஸ். என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிச்சம் வீட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். மோடத்தை அணைத்து அணைத்துப் போடுவதில் பயனில்லை, நேராக லைன்காரரைக் கூப்பிட வேண்டும்.

கரண்ட் போனால் மோடமும் போய்விடும். பெரும்பாலான மோடம் 12 வோல்ட்டில் ஓடுவது. அதற்கென்றே ஆயிரம் ரூபாய் சுற்றி சின்ன ரவுட்டர் யு.பி.எஸ். கிடைக்கிறது. சில மணி நேரம் தாங்கும். மோடம் அடாப்டரில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து அதற்குப் பொருந்துவதாக வாங்க வேண்டும். இதை முதல் மாதமே வாங்கச் சொல்ல மாட்டேன். ஐப்பசிக்குள் வாங்கினால் போதும்.

அதைவிட முக்கியம், வீட்டு லைன் ஒரு கம்பெனி என்றால் டேட்டா உள்ள ஒரு போனாவது வேறு கம்பெனியாக இருப்பது. ஒன்று விழுந்தால் இன்னொன்று நிற்க வாய்ப்பு உண்டு. அண்ணன் போனில் டேட்டாவை நிறுத்தாமல் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

காசே இல்லாதவர்களுக்கு

விண்ணப்பம் போடவும் ஹால் டிக்கெட் எடுக்கவும் மட்டும் நெட் தேவைப்படுகிற வீடுகளும் உண்டு. அவர்களுக்கு மாத லைன் வேண்டாம். மாவட்ட மைய நூலகத்திலும் இ-சேவை மையத்திலும் அந்த வேலை முடிந்துவிடும். டீக்கடை, மளிகைக்கடைக்காரர்கள் சட்டப்படி சின்னப் பொட்டலமாக வைஃபை விற்கும் பி.எம். வாணி என்ற திட்டத்துக்கு 2020 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்தது. உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு கடை இருந்தால் நல்ல வழி.

இரண்டு வீடு சேர்ந்து ஒரு லைன் எடுத்துப் பாதிப் பாதி கட்டலாமே என்று அக்கா கேட்டார், என் வீட்டையும் சேர்த்து. மனசு உடனே சரி என்றது. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வேறு வீட்டுக்குப் பகிரக் கூடாது என்றே இருக்கும். அதோடு, லைன் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் அதில் நடக்கும் எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருகிற விருந்தாளிக்குக் கொடுப்பது வேறு, இன்னொரு குடும்பத்தோடு நிரந்தரமாகப் பங்கு போடுவது வேறு. வேண்டாம்க்கா என்றேன். அவருக்கும் புரிந்தது.

என்ன எடுத்தோம்

449 திட்டம்தான். ஐநூறுக்கு மேல் 30 ரூபாய். அதற்கு அக்கா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். மகள் துண்டு ரீசார்ஜை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். அந்த நோட்டிலேயே எழுதி வாங்கினார்.

லைன்காரர் வந்த அன்று நாங்கள் கேட்டவை: லைன் இழுக்க எவ்வளவு, மோடத்துக்கு எவ்வளவு, அது நம்முடையதா, திருப்பித் தர வேண்டியதா, வைப்புத்தொகை வாங்கினால் எப்போது திரும்பி வரும், வீடு மாறினால் என்ன ஆகும். ஓ.டி.டி. சேர்ந்த திட்டம் 'நூறு ரூபா வித்தியாசம்தான்க்கா' என்று அவர் சொன்னபோது அக்கா தலையை ஆட்டிவிட்டார். இரண்டு அலைவரிசையில் (டூயல் பேண்ட்) வைஃபை தரும் மோடத்துக்குக் கூடுதலாகக் கேட்டார்; வீடு சின்னது, 30 எம்பிக்கு ஒற்றை அலைவரிசையே போதும் என்று விட்டோம். மோடத்தைத் தையல் மிஷினுக்கு மேலே இருக்கும் அலமாரியில், வீட்டின் நடுவில் வைக்கச் சொன்னேன். முதலில் அவர் வாசல் பக்கம்தான் வைக்கப் பார்த்தார், கம்பி மிச்சமாகும் என்று. நடுவில் வைத்ததால் சமையலறை வரை எடுக்கிறது.

பாஸ்வேர்டை மாற்றும்போது பையன் பக்கத்திலேயே நின்றான். "மாமா, நான் சொல்றத வைங்க" என்றான். பத்து எழுத்துக்கு மேல் வரவேண்டும் என்றதும் யோசித்து அவர்கள் நாய்க்குட்டியின் பேரையும் வாங்கிய தேதியையும் சேர்த்துச் சொன்னான். அக்கா அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ரீசார்ஜ் கணக்குக்குக் கீழே எழுதிக்கொண்டார்.